கொடை வீடியோக்களுக்குப் பெயர் வைப்போம்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் டிவி மேசை இழுப்பறையைத் திறந்தால், கோயில் திருவிழாவான கொடையில் பாடிய கதைப்பாட்டைப் பதிவுசெய்த பழைய சிடிக்கள் கிடக்கும். "அம்மன் கொடை, வில்லுப்பாட்டு" என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து தட்டின் மேல் மட்டும்தான். உள்ளே எந்த வீடியோ சிடியிலும் முதல் கோப்பின் பெயர் ஏவிசெக்01. டிவிடி என்றால் விடிஎஸ்_01_1. சுடலைமாடன் கதைக்கும் அதே பெயர், கல்யாண வீட்டுக்கும் அதே பெயர். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று இன்னொன்றை அழித்துவிடும். டிவிடியில் ஒரு கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது என்பதால், ஒரே இரவின் பாட்டு நான்கைந்து துண்டாகக் கிடக்கும். முதலில் துண்டுகளை எம்கேவி என்ற வீடியோ வடிவத்தில் ஒரே கோப்பாகச் சேர்த்து, கோயில், கதை, ஆண்டு என்று பெயரிட வேண்டும்.

அவற்றைப் பட்டியலிட்டு ஓட்டிக்காட்டும் அடுத்த வேலைக்கு வீடியோ சர்வர் மென்பொருள் இருக்கிறது. 2018இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்த ஜெல்லிஃபின் இலவசமாகவே கிடைக்கிறது. அது கோப்புகளை இடம் மாற்றாது. நாம் காட்டும் ஃபோல்டரைத் தேடிப் பார்த்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், வீட்டில் யார் எதுவரை பார்த்தார் என்று தன் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்ளும். பழைய வீடியோவைச் செல்போன் ஏற்காவிட்டால், ஓடும்போதே வடிவம் மாற்றி அனுப்பும். மூலக் கோப்பில் கை வைக்காது.

சினிமா என்றால் பெயரையும் ஆண்டையும் கொண்டு இணையத்தில் தேடி போஸ்டர், நடிகர், இயக்குநர் எல்லாம் அதுவே கொண்டுவந்துவிடும். நம் ஊர்க் கொடையை இணையம் அறியாது. "நீலி கதை" என்று வைத்தால் ஏதாவதொரு படத்தின் போஸ்டரை ஒட்டினாலும் ஒட்டும். அதனால் இணையத் தேடலை நிறுத்திவிட்டு, வீடியோவின் பக்கத்திலேயே என்எஃப்ஓ என்ற சிறு எழுத்துக் கோப்பை வைக்க வேண்டும். அதில் நாம் எழுதுவதை மென்பொருள் படித்துக் காட்டும். தரவுத்தளம் கெட்டாலும் எழுதியது அழியாது.

என்எஃப்ஓவில் என்ன எழுதுவது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரே கதையைப் புலவருக்குப் புலவர் வேறு விதமாகப் பாடுவார். யார் பாடியது, எந்தக் கோயிலில் என்ற விவரம் போனால் பாதி வீடியோ போனதுபோல. உடுக்கை, குடம், தாளம், பக்கப்பாட்டு என்று ஒவ்வொருவர் பெயரும் வேண்டும். சாமியாடிக்கு அருள் வந்து பாட்டின் வேகம் மாறும் நிமிடத்தை எம்கேவியில் அத்தியாயமாகக் குறித்துவைத்தால் நேரே அங்கே போகலாம்.

இந்த விவரத்தில் ஒரு பங்கு வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது. வில்லுப்பாட்டு காப்பில் தொடங்கி, வருபொருள் உரைத்து, குருவடி பாடித்தான் கதைக்குள் நுழையும். குருவடி, பாடுபவர் தன் ஆசானை வணங்கும் இடம். மென்பொருளுக்கு அது கேட்காது. நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

எழுதக்கூடிய சிடியின் சாயப்படலம் நம் கடற்கரைப் புழுக்கத்தில் சீக்கிரம் கெடும். சர்வரில் ஏற்றியது போதாது. அதே கோப்புகளும் என்எஃப்ஓக்களும் கொண்ட இன்னொரு ஹார்டு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். வீடியோவில் உடுக்கை அடிப்பவரின் முகம் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரை டிவி முன் உட்காரவைத்துப் பெயர்களைக் கேளுங்கள்.