பாட்டன் பெயர் எந்தப் பக்கத்தில்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஊர்த்தெருவுல ஒருத்தரக் கேளுங்க, ஏழு தலைமுறை சொல்வார். செப்பேடு இருக்கு, பட்டா இருக்கு. நம்ம சேரியில கேட்டா தாத்தா பேரோட நின்னுடும். நமக்கு வரலாறு இல்லை என்பதல்ல இதன் பொருள். நம் வரலாறு அடுத்தவன் எழுதிய கணக்குக்குள் கிடக்கிறது.

எங்க ஆயா சாகிறவரைக்கும் ஒண்ணையே சொல்லிட்டிருந்துச்சு: "ஏரிக்குக் கீழ இருக்கிற நெலம் எங்க மாமனாருதுடா. பஞ்சத்துல ரெண்டு மூட்ட கேவுருக்கு ரேகை வச்சாரு." நாங்க யாரும் நம்பல. அதே நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள் நாங்கள். எப்படி நம்புவது?

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். 10 வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறி விற்றால் செல்லாது. இதைப் படித்த பிறகுதான் ஆயா சொன்னது எனக்கு உறைத்தது. ஆனா அப்ப ஆயா இல்ல.

சர்வே எண்ணோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். பழைய 'ஏ' பதிவேட்டில் பூட்டன் பெயர் இருந்தது. எதிரே குறிப்பில் இரண்டே எழுத்து: டி.சி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் விற்பனைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. வாங்கியவர் ஊர்த்தெருக்காரர். 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு' என்று இருந்தது. பூட்டன் பெயருக்குக் கீழே 'இடது கைப் பெருவிரல் ரேகை'. 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த யு.டி.ஆர். கணக்கில் பூட்டன் பெயரும் இல்லை, டி.சி.யும் இல்லை.

ஒரு மனுசனோட வாழ்க்கை கணக்குல இவ்வளவுதான். அவர் கல்லும் முள்ளுமாகக் கிடந்ததைத் திருத்திய கதை ஒரு ஏட்டிலும் இல்லை. ரொக்கம் என்று பத்திரம் சொல்கிறது, கேழ்வரகு என்று ஆயா சொன்னது. ஆயா சொன்னதால்தான் ஏட்டைத் தேடினேன். ஏடு இருப்பதால்தான் இன்று மனு போட்டுக் கேட்க முடிகிறது. மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கு.

இது வம்சப் பெருமை பேசுகிற வேலை அல்ல. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டதும் இந்த ஏட்டில் எழுதியிருப்பதைத்தான்.

மாணவத் தோழர்களே, ஊருக்குப் போனதும் சேரியிலேயே மூத்த கிழவிகிட்ட உட்காருங்க. எந்த நிலம், பக்கத்து நிலம் யாருது, எந்தப் பஞ்சத்துல போச்சுன்னு கேட்டு எழுதிக்குங்க. பிறகு சர்வே எண், 'ஏ' பதிவேடு, வில்லங்கச் சான்று. கணக்கைக் காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஏட்டைப் பிறகும் தேடலாம். கிழவியை முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவன்.