பழுதின் காரணம் காணல்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின் கூடுவாஞ்சேரியில் வசிக்கிறேன். கணினியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கணினி வல்லுநன் என்ற முறையில் நான் பேச வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்கு நாளும் சொல்லி வந்த ஒரு பாடத்தை, முதுமையில் ஒரு மாணவனிடம் நானே மறுபடியும் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் தம்பியின் மகன் எங்கள் வீட்டில் தங்கிப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். மாலை நேரங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், அவன் ஒரு கணினியைப் பகுதி பகுதியாக வாங்கித் தானே பூட்டினான். விளையாடுவதற்கும், முப்பரிமாணப் படங்கள் அமைத்துப் பழகுவதற்கும் அது பயன்பட்டு வந்தது. சென்ற மே மாதத்தில் அதற்கு ஒரு நோய் கண்டது. கட்டுரை எழுதினால் ஒழுங்காக ஓடும். திரைப்படம் பார்த்தாலும் ஓடும். காடும் கடலும் ஒளியும் நிழலுமாக விரியும் பெரிய விளையாட்டைத் தொடங்கினால் மட்டும், கால் மணி நேரத்துக்குள் சட்டென்று அணைந்துவிடும்.

அவன் முகம் வாடி நின்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இரவெல்லாம் விளையாடினால் இயந்திரமும் களைத்துத்தான் போகும். விளையாட்டை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவன் பதில் பேசவில்லை. பழுது பார்க்கும் ஒருவரிடம் போய்க் கேட்டான். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்கவேண்டும்" என்றாராம். அதற்கு 40,000 ரூபாய் ஆகும். அடுத்த பருவத்துக் கட்டணத்துக்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்த பணமும் ஏறத்தாழ அவ்வளவே.

அன்றிரவு அவன் என்னிடம் வந்து, "பெரியப்பா, விளையாட்டை நிறுத்தினால் பழுது கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, இல்லாமல் போய்விடுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. பழுது பார்ப்பவரும் நானும் ஒரே பிழையைத்தான் செய்திருந்தோம். ஆராயுமுன்பே இருவரும் தீர்ப்புக் கூறிவிட்டோம்.

மறுநாள் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கணினியின்முன் அமர்ந்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதையும் விளைந்ததையும் உடனே எழுதிவைப்பது என்று இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதலில், கணினி எவ்வாறு நிற்கிறது என்று கவனித்தோம். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், மென்பொருளிலோ நினைவகத்திலோ குறை இருக்கலாம். திரையில் வண்ணத் திட்டுகள் தோன்றினால், வரைகலை அட்டையின்மேல் ஐயம் கொள்ளலாம். இதுவோ, மின்சாரம் நின்றாற்போல் முழுவதும் அணைந்தது. விண்டோஸில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பு இருந்தது. முறைப்படி நிறுத்தப்படாமல் கணினி அணைந்தது என்பதே அதன் பொருள். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் வரவில்லை என்று குறித்திருக்கும். ஏன் வரவில்லை என்று அதில் இராது. இதுவும் அத்தகைய குறிப்பே.

அடுத்து வெப்பத்தை ஆராய்ந்தோம். கத்திரி வெயில் காலம், ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி வேறு. பெட்டியைத் திறந்து தூசியைத் துடைத்தோம். வெப்பம் 5 பாகை குறைந்தது. ஆனால், கணினி அணைவது நிற்கவில்லை. அணையும் நேரத்தில் வரைகலை அட்டையின் வெப்பம் 74 பாகைதான். அது அத்தகைய அட்டைகளுக்குத் தாங்கக்கூடிய அளவே. பின்பு, வரைகலை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிப் புதிதாக நிறுவினோம்; பயன் இல்லை. நினைவகத்தை இரவு முழுவதும் சோதித்தோம், பிழை இல்லை. செயலிக்கு மட்டும் அரை மணி நேரம் கடும் வேலை கொடுத்தோம்; அசையாமல் நின்றது.

பிறகு ஒன்று செய்தோம். வரைகலை அட்டை எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை, மென்பொருளால் நூற்றுக்கு 70 பங்காகக் கட்டுப்படுத்தினோம். அதே விளையாட்டு இரண்டு மணி நேரம் ஓடியது! இதனால் குற்றவாளி இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்க முடியும் என்பது தெளிவாயிற்று. முழுச் சுமையை அட்டை தாங்கவில்லை. அல்லது, முழுச் சுமைக்கு வேண்டிய மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி கொடுக்கவில்லை.

கணினியில் இருந்தது 450 வாட் மின்வழங்கி. பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றியது. நண்பன் ஒருவனிடம் 750 வாட் மின்வழங்கியை இரவலாக வாங்கி வந்து பூட்டினோம். கட்டுப்பாட்டை நீக்கியபின்பும், மூன்று மணி நேரம் விளையாட்டு ஓடியது. "கண்டுபிடித்துவிட்டோம்!" என்று குதித்தான் அவன். "பொறு தம்பி, பழையதை மறுபடியும் பூட்டு" என்றேன் நான். பூட்டினோம், பதினோராம் நிமிடம் அணைந்தது. அதன்பின்பே காரணத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம்.

இதன் உட்பொருள் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. வீட்டில் கிணற்று மோட்டாரைப் போடும்போது, விளக்கு ஒரு கணம் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். மோட்டார் தொடங்கும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. வரைகலை அட்டையும் இத்தகையதே. 12 வோல்ட்டில் 240 வாட் வேண்டுமெனில் 20 ஆம்பியர் பாயவேண்டும். இது சராசரிக் கணக்கு. காட்சி திடீரென்று கனக்கும்போது, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு அட்டையின் தேவை ஏறக்குறைய இரு மடங்காகவும் எழக்கூடும். முதிர்ந்த சிறிய மின்வழங்கி அதைத் தாங்காமல், தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. இத்தகைய திடீர் எழுச்சிகளைத் தாங்கவேண்டும் என்பதற்காகவே, 2022இல் வெளிவந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதிமுறையில் தனி வரையறை செய்யப்பட்டது.

நோய் வெளிப்படும் இடம் ஒன்றாகவும், அதன் வேர் வேறிடத்திலும் இருப்பது எங்கள் வீட்டுக் கணினியில் மட்டும் நிகழ்ந்ததன்று. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில பூட்டிய கணினிகளில், பெரிய விளையாட்டுகள் இடையில் முறிந்தன. "காட்சி நினைவகம் போதவில்லை" என்று திரையில் எழுத்து வரும். படிப்பவர் யாராயினும் வரைகலை அட்டையைத்தானே குறை கூறுவர்? ஆனால், அட்டையில் குற்றம் இல்லை. செயலிக்குத் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் செல்வதே காரணம் என்று, 2024 ஜூலையில் அந்நிறுவனமே அறிவித்தது; ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது; உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. முன்பே கெட்டுவிட்ட செயலியை அத்திருத்தம் மீட்காது. காரணம் காண்பதில் காலம் தாழ்ந்தால் இழப்பும் வளரும் என்பதற்கு இது சான்று.

நீங்களும் உங்கள் கணினியை ஆராயலாம். ஆனால், பெட்டியைத் திறக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள். மின்வழங்கியின் உட்புறத்தை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பு நீக்கியபின்பும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாகவே பார்த்தெழுதும் மாணவன் ஒருவன் இருந்தான். சோம்பேறி என்று அவனைப் பலமுறை கடிந்தேன். ஒரு நாள், அவனை முன் வரிசையில் உட்காரவைக்க நேர்ந்தது. அன்று அவன் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினான். குறை அவன் கண்ணில் இருந்தது. நான் அதை அவன் குணத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இடத்தை மாற்றிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் அவனுக்குக் கொடுக்க ஓராண்டு ஆயிற்று.

என் தம்பி மகன் புதிய மின்வழங்கி ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினான். போய்விட்டதென்று சொல்லப்பட்ட வரைகலை அட்டை இன்றும் உழைக்கிறது. கல்லூரிக் கட்டணமும் உரிய நாளில் கட்டியாயிற்று. விளையாட்டைப் பழித்துச் சொன்ன சொல்லை நான் அவனிடம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்குமேல் விளையாடக்கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு என்னிடம் தக்க காரணம் இருக்கிறது.