மண்டபம் முகாம்

கொரோனாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், 14 நாள் தனிமைப்படுத்தல் என்றதும் மலைத்துப் போனார்கள். ஆனால் இலங்கையில் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து ஆள் வந்து சேர்ந்ததே அப்படியொரு முகாம் வழியாகத்தான்.

இராமநாதபுரம் கரையில் மண்டபம். நிலம் இந்தியாவில், முகாமை நடத்தியதோ இலங்கை அரசு. காலராவும் அம்மையும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாதே என்ற பயம். ஆள்சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த குடும்பங்களைச் சில நாள் அங்கே நிறுத்திவைப்பார்கள். அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். உடுத்தி வந்த துணிமணிகூடக் கிருமிநீக்கத்துக்குப் போகும். பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல்; தலைமன்னாரில் இறங்கி, மலைக்கு ரயில். அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914-இல். அதற்கு முன் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேரைக் காலரா பாதையிலேயே கொண்டுபோனது.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆளோடு நோய் வேண்டாம். துரைமார் கணக்கு அவ்வளவுதான்!

இன்னொன்று. 2020 மார்ச்சில் கட்டுநாயக்க விமான நிலையத்தை மூடினார்களே, அந்தக் காலத்தில் தனிமைப்படுத்தலுக்குக் கைகொடுத்தது புதுச் சட்டமல்ல. 1897-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான்.