ஊர் சம்மதித்தால் போதுமா?

(திருப்பாலைவனத்தில் கூடிய ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூட்டத்தில் நமது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரியோரத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், "எய்ட்ஸ் தடுப்பூசியைச் சோதிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க ஐயா. ஊர்க்கூட்டத்துல ஒரு வார்த்தை போதும், அம்பது பேர் கையை நீட்டுவாங்க" என்றார். நம் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட சோதனை எதுவும் நடக்கவில்லை. நல்ல மனதோடு சொன்னார். எனக்கோ பயமாக இருந்தது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருப்பதை அறிவீர்கள். எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். தண்ணீரைப் பங்கிட ஊருக்கு உரிமை உண்டு. ஒரு வாலிபனுடைய உடம்பைப் பற்றித் தீர்மானிக்க ஊருக்கும் உரிமையில்லை, தகப்பனுக்கும் போதகருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

2006 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய தடுப்பூசி ஒன்றின் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. ஆரோக்கியமான 32 பேர் தாங்களாக முன்வந்தார்கள். முதல் கட்டத்தில் பார்ப்பது, ஊசி தீங்கு செய்கிறதா, உடம்பு அதற்கு எதிர்வினை காட்டுகிறதா என்பதையே. போட்டுக்கொண்டவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்ற வாக்குறுதி கிடையாது.

அந்த ஊசியில் உயிருள்ள எச்.ஐ.வி. இல்லை, அதனால் நோய் வராது. ஆனாலும் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கினால், சாதாரண எலிசா பரிசோதனை "பாசிட்டிவ்" என்று காட்டிவிடலாம். உண்மையான தொற்று அல்ல என்று அறிய வேறு பரிசோதனை வேண்டும். வளைகுடா வேலைக்கு இரத்தம் கொடுக்கிற இளைஞனிடம் அதை யார் விளக்கப்போகிறார்கள்? வரன் பார்க்க வந்த வீட்டார் காதில் அந்த ஒரு சொல் விழுந்தால் என்ன ஆகும்? சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த குப்பத்தில் ஒரு கிசுகிசுவைச் சட்டம் நிறுத்துமா?

பெண்களுக்கு இன்னொரு பாரம். சோதனைக் காலத்தில் கருத்தரிக்க வேண்டாம் என்று கேட்பது வழக்கம். புதிதாய் மணமான மருமகள் மாமியாரிடம் என்ன சொல்லுவாள்?

ஊசி ஏமாற்றவும் கூடும். ஸ்டெப் என்ற சோதனை 2007-இல் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி பெற்ற ஆண்களில் ஒரு பகுதியினருக்கு, மருந்தில்லாத ஊசி பெற்றவர்களைவிட அதிகமாகத் தொற்று கண்டது. நம் பக்கத்திலேயும் 1968 முதல் 1971 வரை திருவள்ளூர் வட்டாரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பி.சி.ஜி. ஆய்வுக்குக் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அந்த ஆய்வுதான் உலகத்துக்குச் சொன்னது. அவர்கள் கொடுத்தது வீணல்ல. ஆனால் அந்தச் சனங்களை எத்தனை பேர் நினைக்கிறோம்?

எய்ட்ஸுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. அது வரவேண்டுமானால் யாராவது கையை நீட்டத்தான் வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் சொன்னாரல்லவா? கணக்குப் பார்க்க விடாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நம் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவரிடம் தனியாகப் பேச கதவு மூடுகிற ஓர் அறை வேண்டும். இப்போது திரைத்துணிக்குப் பின்னால்தான் பேசுகிறோம். அடுத்த பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். இந்த அறைக்காக ஜெபியுங்கள், இயன்றதைக் கொடுங்கள்.