பிள்ளைக்கு வேண்டுவது கூரை மட்டுமா?

பெற்றாரைப் பிரிந்த குழந்தைக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று கருதுவோர் பலர். அக்கருத்தின் குறைபாட்டை உருமேனிய நாட்டில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

மக்கட்டொகையைப் பெருக்க விரும்பிய அந்நாட்டரசு 1966 இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வறுமையால் வாடிய பெற்றார் பலர் தம் பிள்ளைகளை அரச விடுதிகளில் ஒப்படைத்தனர். 1989 இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது அங்கிருந்தோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் அநாதைகளல்லர்.

பின்னர் அமெரிக்க அறிஞர்களான சாள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சாள்ஸ் சீனா ஆகியோர் புக்கரெஸ்ற் நகரில் 136 விடுதிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். சீட்டுக் குலுக்கிய முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் விடுதிப் பராமரிப்பிலேயே இருந்தனர். ஆயினும், வீடு செல்லும் வாய்ப்புக் கிடைத்த எவரும் தடுக்கப்படவில்லை.

முடிபுகள் 2007 இல் வெளிவந்தன. நான்கரை வயதில் விடுதிப் பிள்ளைகளின் சராசரி நுண்மதி ஈவு ஏறத்தாழ 73. வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகளுக்கு 81. பெற்றாருடன் வாழ்ந்தோருக்கு 109. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தோரே மிகுந்த பயன் பெற்றனர்.

காரணம் யாது? விடுதியிற் பணியாளர் முறைமாறி வருவர். பல பிள்ளைகளுக்கு ஒருவரே. தன் அழுகையை அறிந்து ஓடிவரும் ஒருவர் அங்கில்லை.

வளர்ப்புக் குடும்பமும் இழப்பை முற்றாக ஈடுசெய்யவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆதலால், வறுமை ஒன்றே பிள்ளையைப் பிரிக்குமாயின், விடுதிக்குச் செலவிடும் பணத்தைத் தாயின் கையிற் கொடுப்பதே முறை. அதுவும் இயலாதவிடத்து, காலந் தாழ்த்தாது வேறொரு மடியைத் தேடிக் கொடுப்போமாக.