சபைகள் பல ஆனது எப்படி?



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பாத்திமா மாதா கோயில் இருக்கிறது. அதே வட்டாரத்தில் லுத்தரன் சபையின் சீயோன் ஆலயமும், தமிழ் மெதடிஸ்டு ஆலயமும், மலையாள மக்களின் ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் உள்ளன. கிள்ளானில் லூர்து மாதா கோயில் ஒருபுறம், ஆங்கிலிக்கன் ஆலயம் ஒருபுறம். ஒரே இயேசுவைக் கும்பிடுகிறவர்களுக்கு எதற்கு இத்தனை கோயில் என்று தோட்டத்துப் பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

இதற்கு விடையை நம் பாட்டன்மார் பிறந்த ஊர்களில் தேட வேண்டும். முத்துக்குளித்துறைக் கரையில் 1542 முதல் பிரான்சிஸ் சவேரியார் உழைத்தார். அங்கே கத்தோலிக்கம் வேரூன்றியது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே லுத்தரன் சபை எழுந்தது. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்கள் வேலை செய்தன. மிஷன்கள் பிற்காலத்தில் ஊர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதும் உண்டு. ஆகவே பாட்டனார் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் அவருடைய ஊரே முடிவு செய்தது. கப்பலேறியபோது துணிமூட்டையோடு சபையும் வந்தது. இங்கு வந்தபின் மெதடிஸ்டு ஆனவர்களும் உண்டு. அந்த ஊழியம் 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கியது.

சபை வேறானதும் சொல்லும் வேறாயிற்று. ஒருவருக்குப் பூசை, மற்றவருக்கு ஆராதனை. பழைய கத்தோலிக்க நூல்களில் சர்வேசுரன். லுத்தரன்கள் போற்றிய பப்ரிஷியுஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871-ஆம் ஆண்டு வேதாகமத்தில் தேவன். வகுப்பில் இராயப்பன் என்று ஒரு பையனும் பேதுரு என்று ஒரு பையனும் இருந்தால், இருவருக்கும் ஒரே சீடரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது! சின்னப்பனும் பவுலும் அப்படியே. அருளப்பனும் யோவானும் அப்படியே. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தபோதுதான் இந்தப் பெயர்கள் ஒரே புத்தகத்தில் ஒன்றாயின. ஆனாலும் மனப்பாடமான பழைய வசனத்தை விட யாருக்கு மனம் வரும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் மிஷனின் மெதடிஸ்டு, இன்னும் சில சபைகள் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. அதற்கு முன்பே இங்கு வந்துவிட்ட நம்மவரோ இன்றும் இரண்டு சபையாகவே இருக்கிறார்கள். கத்தோலிக்கர் உட்பட எல்லாரும் சேர்ந்து பேச 1985-இல் மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு ஏற்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் போப்பாண்டவரின் அதிகாரம், மாதா வணக்கம், குழந்தை ஞானஸ்நானம் ஆகியவற்றில் வேறுபாடே இல்லை என்று சொன்னால் அது பொய்.

தோட்டத்தில் இது வலிப்பது கலியாணப் பேச்சில்தான். பெண் கத்தோலிக்கம், மாப்பிள்ளை மெதடிஸ்டு என்று தெரிந்ததும் பேச்சு நின்றுபோன வீடுகளை நாங்கள் அறிவோம். மாப்பிள்ளை சபை மாறியே தீர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கத்தோலிக்கச் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஆயரிடம் அனுமதி பெற வேண்டும். பெண் தன் விசுவாசத்தை விடாமல், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கு மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் அவர் பெற்ற ஞானஸ்நானம் அங்கும் செல்லும். மறுபடி பெற வேண்டியதில்லை.

ஆகவே வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்பே இரு வீட்டாரும் பாதிரியாரையும் போதகரையும் போய்ப் பாருங்கள். நாள் குறித்து, பத்திரிகை அடித்த பிறகு போனால் யாருக்கும் நிதானம் இராது. பிறக்கப்போகும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள்.