கண்ணாடிச் சாளரமும் துண்டுப்படப் புதிரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் விளையாட்டுப் பொருளைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். விடுமுறை நாட்களில் நம் காலனி வீடுகளில் சாப்பாட்டு மேசையையே பிடித்துக்கொள்ளும் துண்டுப்படப் புதிரை, குழந்தைகள் ‘ஜிக்சா’ என்று அழைக்கும் அந்த அட்டை விளையாட்டை, நாம் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடுவதற்கில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் வீடுகளுக்கென வரைந்த சாளரக் கண்ணாடிக் கோலங்கள், இன்று 500 துண்டுகளாகவும் 1000 துண்டுகளாகவும் பெட்டிகளில் அடைபட்டு விற்பனைக்கு வருகின்றன. 1867இல் பிறந்து 1959இல் மறைந்த அப்பெருங்கலைஞரைச் சமைத்ததும் ஒரு விளையாட்டுப் பெட்டியே என்பதுதான் வியப்பு.

1876இல் பிலடெல்பியா நகரில் பெரியதொரு கண்காட்சி நடந்தது. அங்குச் சென்ற ரைட்டின் அன்னையார், ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபெல் வகுத்த குழந்தைக் கல்விக் கருவிகளைக் கண்டு மகிழ்ந்து, தம் மகனுக்கு வாங்கித் தந்தார். கனசதுரம், கோளம், முக்கோணம் என வழவழப்பான மரக்கட்டைகள். அவற்றை அடுக்குவதற்குச் சதுரக் கோடுகள் இட்ட மேசை. சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. பறவையையும் மலரையும் பார்த்து அப்படியே வரையுமுன், அவற்றினுள் மறைந்திருக்கும் வடிவத்தைக் காணக் கற்றதை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. தம் வரலாற்று நூலிலும் எழுதி வைத்தார்.

அப்பயிற்சி எங்கே போய் முடிந்தது என்பதை பபலோ நகரில் டார்வின் மார்ட்டின் என்பாருக்கு அவர் கட்டிய வீட்டிலே காணலாம். அங்குள்ள சாளரம் ஒன்றை உயிர்மரம் என்கிறார்கள். அப்பெயர் ரைட் இட்டதன்று, பின்னாளில் வந்தது. அடியில் சதுரங்கள், நடுவே நேர்கோட்டுத் தண்டுகள், மேலே அம்புமுனை போன்ற சாய்கோடுகள். மரம் என்றால் மரம். வெறுங் கணக்கு என்றால் கணக்கு! ஒரே சாளரத்தில் 750க்கு மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். மாதா கோயில் சாளரங்களிற்போல் கண்ணாடி மீது உருவம் தீட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. தெளிந்த கண்ணாடியையே பெரும்பகுதி வைத்து, வண்ணத்தை ஆங்காங்கே தெளித்து, மெல்லிய உலோகச் சட்டங்களால் இணைத்தார். உள்ளிருப்போர் தோட்டத்தைக் காணவேண்டும், திரைச்சீலை தொங்கவிடலாகாது. அவற்றை ஒளித்திரைகள் என்றே அவர் அழைத்தார்.

ஆகவே அந்தச் சாளரமே ஒரு துண்டுப் புதிர் என்க. அதை அட்டையில் அச்சிட்டு மறுபடியும் வெட்டுகிறார்கள். இவ்விரண்டு வெட்டுகளுக்கும் உள்ள உறவு கவனிக்கத் தக்கது. 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் செதுக்குக் கலைஞர், தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பூகோளம் கற்பிக்க விற்றார். அங்கே எல்லைக்கோடே வெட்டுக்கோடு. பிள்ளை ஒரு துண்டை எடுத்தால் ஒரு நாட்டை எடுத்தது. இன்றைய புதிரிலோ எஃகு அலகுகள் பதித்த அச்சு, சித்திரத்தைப் பொருட்படுத்தாமல் வளைந்து வளைந்து வெட்டுகிறது. ரைட் நேராக இழுத்த கோடு நான்கைந்து துண்டுகளில் சிதறுகிறது. இது கலைக்குச் செய்யும் தீங்கல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அல்ல என்பது நம் கருத்து. சிதறிய நேர்கோட்டைத் தேடும்போதுதான் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் பார்க்கிறது.

இயற்கைக் காட்சிப் புதிரில் நீலம் வானத்திற்கு, பச்சை வயலுக்கு என்று நிறமே வழி சொல்லிவிடும். உயிர்மரத்தில் அவ்வுதவி இல்லை. மூன்று மரங்கள் ஒன்றுபோல் நிற்பதால், கையிலுள்ள துண்டு எந்த மரத்தினது என்று பெரியவர்களே திகைப்பார்கள். சாய்கோடு எப்பக்கம் சாய்கிறது, எத்தனை கோடுகள் இணையாகச் செல்கின்றன என்று பார்த்துப் பிரித்து வைத்தவர்களே முன்னேறுவர். புள்ளிக் கோலம் இடும் நம் பெண்மணிகள் இதில் ஆடவரை எளிதில் வென்றுவிடுவார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை!

அட்டையில் இல்லாதது ஒன்றுண்டு, அது ஒளி. காலை வெயிலில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமும் காட்டும் கண்ணாடியை அச்சுமை தர முடியாது. இக்குறையை மறைத்துப் பேசுவது முறையாகாது.

இன்னொரு சாளரத்தின் கதை சற்றுத் துயரமானது. சிக்காகோவை அடுத்த ரிவர்சைடில், கூன்லி குடும்பத்தாருக்காக 1912இல் ரைட் ஒரு சிறு கட்டடம் அமைத்தார். அது குழந்தைகளின் பள்ளி. ஆதலால் சாளரங்களில் ஊர்வலத்துக் காட்சியை வைத்தார்: சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பலூன் வட்டங்கள், சிறு சதுரங்களாக வண்ணத்தாள் துணுக்குகள், கொடிகள். பிரோபெலின் கட்டைகளைத் தம் கையால் அடுக்கியவர், அக்கடனைக் குழந்தைகளுக்கே திருப்பித் தந்தார் போலும். பிற்காலத்தில் அச்சாளரங்கள் கழற்றப்பட்டுப் பல இடங்களுக்குப் போய்விட்டன. நடுவிலிருந்த மூன்று சாளரங்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடம் 1967இல் பெற்றது. கலைக்கூடங்கள் அவற்றைக் காத்தன, அதற்கு நன்றி. எனினும் ஒரே கட்டடத்தில் நின்ற ஊர்வலம், ஊர் ஊராய்ப் பிரிந்து நிற்கிறது. அவற்றின் கீழ் விளையாடக் குழந்தைகளும் இல்லை. அப்பலூன்கள் மீண்டும் சிறுவர் கைகளில் ஏறுவது புதிர்ப் பெட்டியின் வழியாகவே.

நாம் வாழும் இந்த அகமதாபாத்திற்கும் அக்கலைஞருக்கும் உறவு உண்டு. இந்நகரத்துக் காலிகோ ஆலைக்கு ஒரு விற்பனைக் கட்டடம் வேண்டி 1940களில் அவர் வரைபடம் தந்தார், அது கட்டப்படவில்லை. அவரிடம் பயின்று திரும்பிய கிரா சாராபாயும் அவர்தம் தமையனார் கௌதம் சாராபாயும், 1961இல் இங்கே தோன்றிய தேசிய வடிவமைப்புக் கல்விக்கூடத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். நம் பிள்ளைகள் பேருந்தில் அதன் வாயிலைக் கடந்து போகும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சங்க நூலக அறையின் நீண்ட மேசையில் கூன்லிப் பலூன் புதிரைப் பரப்பி வைத்திருக்கிறோம். ஓரத் துண்டுகள் மட்டும் சேர்ந்திருக்கின்றன. பலூன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அங்கிருந்து தொடங்குவது எளிது. சிற்றுண்டி முடிந்து கை கழுவியபின் குழந்தைகள் வரலாம்.